பொருள்: 'எலும்பு கூடாமை' – ஒப்புதல் படிவத்துக்குச் சொல் வேண்டும்

குழுவினர்க்கு வணக்கம்.

காலெலும்பு முறிந்து, தோலும் கிழிந்து, உள்ளே கம்பி வைக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நெறிமுறைக் குழுவிடம் தரவேண்டும். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது படித்துக் காட்டப்படும். 'நான்யூனியன்' (முறிந்த எலும்பு கூடாமல் இருப்பது), 'டிலேய்டு யூனியன்' (நாள் கடந்து கூடுவது), 'மால்யூனியன்' (கோணிக் கூடுவது) என்னும் மூன்று சொற்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவதற்கு 'எலும்பு கூடாமை' என்று எழுதினேன். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் வழக்கப்படி என் தமிழை ஆங்கிலத்துக்குத் திருப்பியபோது, 'கூடாமை ஏற்பட்டால்' என்பது 'தடை விதிக்கப்பட்டால்' என்னும் பொருளில் வந்து நின்றது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று சொற்களைத் தந்து உதவுங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்க்கும் காதால் கேட்டு விளங்கவேண்டும்.

– மொழிபெயர்ப்பாளர், நகரி

*

அன்புள்ள அம்மா,

'கூடா ஒழுக்கம்', 'கூடா நட்பு' என்ற அதிகாரத் தலைப்புகளைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த நமக்கு, 'கூடா' என்றதும் தகாதது என்ற பொருளே முன்வருவது இயல்பு. ஆயினும் அந்த வினையைக் கைவிட மனம் வரவில்லை. 'செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி' என்ற 887ஆம் குறளைப் பாருங்கள். செப்பும் மூடியும் விளிம்போடு விளிம்பு பொருந்தி ஒன்றாகத் தெரியும். தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும். தகடு வைத்துத் திருகாணி முடுக்கிய எலும்பு வெளிப்பார்வைக்கு ஒன்றாக நின்று, முறிந்த வாயில் மட்டும் ஒட்டாமல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் அறியேன். அதற்கு முந்திய குறளிலேயே 'ஒன்றாமை' என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. அதுவே என் முன்மொழிவு.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நன்னூலார் புணர்ச்சியை இயல்பு என்றும் விகாரம் என்றும் பிரித்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்கினார். கோணிக் கூடிய எலும்பு திரிதல், கூடாமற்போனது கெடுதல், இடுப்பிலிருந்து எடுத்து முறிவில் வைக்கும் எலும்புத்துண்டு, இரண்டு உயிர்களுக்கு நடுவே தோன்றும் உடம்படுமெய். உடன்படுமெய் என்பதே உடம்படுமெய் ஆயிற்று என்பார்கள். உங்கள் படிவமும் உடன்பாட்டுக்கு உரியதுதானே! 'இயல்புப் புணர்ச்சி', 'திரிபுப் புணர்ச்சி' என்று முழு வரிசையையும் இலக்கணத்திலிருந்தே எடுக்கலாம்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருத்தணி

*

ஐயாவுக்கு வணக்கம்.

புணர்ச்சி என்ற சொல்லைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியிடமும் அவர் மனைவியிடமும் நான் வாய்விட்டுப் படிக்க இயலாது. 'ஒன்றாமை' அழகிய சொல், ஆனால் பேச்சில் இல்லை. புத்தூர் கட்டுக்கு வருகிறவர்களும் எங்களிடம் வருகிறவர்களும் கேட்பது ஒரே கேள்விதான்: 'எலும்பு கூடிடுச்சா?' தெலுங்கர் 'எமுக அதுக்குந்தா?' என்பார்கள். ஆகவே 'கூடு' என்ற வினை இருக்கட்டும்.

என் கவலை காலத்தைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் அடிப்பகுதியில் தசைப்போர்வை குறைவு, இரத்த ஓட்டமும் குறைவு. அடிபடும்போது தோல் கிழிந்து கிருமியும் புகுந்தால் எலும்பு கூட நெடுநாள் ஆகும். காயம்பட்டு ஒன்பது மாதங்கள் கடந்து, கடைசி மூன்று மாதங்களில் எந்த முன்னேற்றமும் தெரியாவிட்டால்தான் 'நான்யூனியன்' என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரையறை. இவ்வெலும்பு முறிந்த 1,226 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2008இல் வெளிவந்த ஆய்வில், கூடவில்லை என்ற காரணத்துக்காக முதல் ஆறு மாதங்களுக்குள் மறு அறுவை செய்வதைத் தவிர்த்தார்கள்; அப்படிக் காத்திருப்பது மறு அறுவையின் தேவையைப் பெரிதும் குறைக்கக்கூடும் என்று கண்டார்கள்.

'கூடவில்லை' என்பது இன்றுவரை உள்ள நிலை. 'கூடாது' என்பது தீர்ப்பு. 'கூடாமை' என்ற பெயரில் காலமே இல்லாததால் நோயாளியின் காதில் தீர்ப்பாகவே விழுகிறது. விசைத்தறி ஓட்டும் ஒருவர் ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் 'இது கூடாது' என்று யாரோ சொல்லியிருந்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது முறிவைச் சுற்றிப் பஞ்சு படிந்ததுபோலப் புதிய எலும்பு படரத் தொடங்கியிருந்தது. அதை நான் விரலால் காட்டிக்கொண்டிருக்கையிலேயே, 'காலை எடுத்துடுவீங்களாய்யா?' என்று கேட்டார்.

– எலும்பு மருத்துவர், சித்தூர்

*

மருத்துவர் ஐயாவின் காலக்கணக்கை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவதற்கு யாரும் 'தாமதக் கூடல்' என்று எழுதிவிடவேண்டாம். தாமதம் வடசொல், 'காலந்தாழ் கூடல்' இருக்கிறது, 'சுணக்கம்' இருக்கிறது. தோல் கிழிந்த திறந்த முறிவின் கடுமையை அளக்கக் கோவை கங்கா மருத்துவமனையினர் உருவாக்கிய மதிப்பெண் முறை நாடு கடந்து பயன்படுகிறது. அந்த அளவுக்கு வேலை நடக்கும் மண்ணில் சொல்லை மட்டும் ஏன் கடன் வாங்கவேண்டும்? புழங்கினால் பழகும். 'பேருந்து' அப்படித்தான் பழகியது.

– கும்மிடிப்பூண்டி

*

அனைவர்க்கும் நன்றி.

நேற்றிரவு முழுவதும் மருத்துவர் ஐயாவிடம் அந்த நோயாளி கேட்ட கேள்வியே மனத்தில் ஓடியது. 'இரு' என்ற துணைவினையைச் சேர்த்து, 'எலும்பு கூடாதிருத்தல்' என்று எழுதினேன். தடை என்னும் பொருள் விலகுகிறது. இதுவரை கூடவில்லை என்பது நிற்கிறது. இனிமேல் என்ன ஆகும் என்பதை அந்தச் சொல் முடிவுகட்டவில்லை. மற்றவை 'தாமதமாகக் கூடுதல்', 'கோணலாகக் கூடுதல்'. கும்மிடிப்பூண்டி அன்பர் பொறுத்தருள்க: 'காலந்தாழ்' என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன், அவர் காலைத் தாழ்த்தி வைக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டார். திருப்பி மொழிபெயர்ப்பவர் இம்முறை 'எலும்பு இன்னும் சேராமல் இருக்கிறது' என்னும் பொருளையே அனுப்பியிருக்கிறார். மறுப்பு இல்லையேல் நாளை காலை படிவத்தை அனுப்பிவிடுவேன்.

– நகரி

*

படிவத்துக்கு மறுப்பில்லை அம்மா, அனுப்புங்கள். ஆனால் மூன்று சொற்கள் கேட்டீர்கள். கிடைத்திருப்பவற்றுள் இரண்டு தொடர்கள். 'கோணலாகக் கூடுதலுக்கான மறு அறுவை' என்று பாடநூலில் ஒரு தலைப்பு அமைத்துப் பாருங்கள், நாக்குத் தடுக்கும். அந்த நூலை யாராவது தமிழில் எழுதத் தொடங்கும்போது 'ஒன்றாமை'யை மறுபடியும் முன்வைப்பேன்.

– திருத்தணி