வடக்குத்தெரு சொந்தங்கள்: நாளைக்கு மாட்டு டாக்டர் வருகிறார்

செல்வி அத்தை: நாளை காலையில் மாட்டு டாக்டர் நம் தெருவுக்கு வருகிறார். கறுப்பி போட்ட மூன்று கிடாக்குட்டிக்கும் காயடித்துவிடலாமா? இன்றைக்கே பேர் கொடுக்க வேண்டுமாம்.

கார்த்தி: எத்தனை மாசம் ஆச்சு அத்தை

செல்வி அத்தை: பொங்கலுக்கு முந்தின வாரம் போட்டது. மூன்று மாசம் ஆகப் போகுது.

பெரியப்பா: நெற்றியில் வெள்ளை இருக்கிறதைத் தொடாதே. சுடலைமாட சாமிக்கு நேர்ந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முழுக் கிடாதான் வேண்டும்.

ராஜா துபாய்: யார் நேர்ந்தது பெரியப்பா?

பெரியப்பா: உன் அம்மா. உனக்கு விசா வரணும் என்று.

ராஜா துபாய்: விசா வந்து ரொம்ப நாள் ஆச்சே 😳

சுமதி மதினி: சுடலை கணக்கு வைத்திருப்பார்.

முருகேசன் மாமா: செல்வி, நான் சொல்வதைக் கேள். விதை இருக்கிற வரைக்கும் சதை வேகமாக ஏறும், தின்கிற தீவனம் கொழுப்பாகப் போகாது, அதனால் எடையை மட்டும் பார்த்தால் காயடிக்காத கிடாதான் முந்தும். ஜெர்மனி, இத்தாலிப் பக்கம் காளைக் கன்றைக் காயடிக்காமலே வளர்த்து ஒன்றரை வயது வாக்கில் கறிக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் கறி மெத்தென்று கொழுப்போடு வேண்டும் என்று சின்னக் கன்றிலேயே காயடித்துவிடுவார்கள். நம் கிடா நாலைந்து மாசத்திலேயே பெட்டையைத் துரத்தும், முட்டும், தன் தாடியிலேயே மூத்திரம் அடித்துக்கொள்ளும், மேய்ச்சலில் கவனம் இருக்காது. வயது ஏற ஏறக் கறியில் வாடை வேறு.

கார்த்தி: மாமா கொஞ்சம் பத்தி பிரிச்சுப் போடுங்க

சுமதி மதினி: முடிவாகக் காயடிக்கணுமா வேண்டாமா அண்ணே?

முருகேசன் மாமா: எப்போது விற்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆறு மாசத்துக்குள் கறிக்கடைக்கு என்றால் காயடிப்பதே வீண், வளர்த்தியைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். அடுத்த வருஷ பக்ரீத்துக்கு என்றால் இப்போதே செய். குர்பானிக்கு ஆடு ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், காயடித்தது ஆகும், அதில் தடையில்லை.

செல்வி அத்தை: எட்டயபுரம் சந்தையில் போன தடவை அந்த வியாபாரி முதுகெலும்பைத் தடவி, வாலடியைப் பிடித்துப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஐந்நூறைக் குறைத்தான். அது காயடிக்காதது.

கார்த்தி: கொஞ்சம் பெரிசான பிறகு காயடிச்சா ரெண்டு லாபமும் கிடைக்குமே

முருகேசன் மாமா: கிடைக்காது. வளர்ந்த கிடாவுக்கு வலியும் வீக்கமும் அதிகம், தீவனம் எடுக்காமல் இளைக்கும், ஏறின எடை அதிலேயே போகும். அதற்காக ரொம்பச் சின்னதிலேயே செய்தால் மூத்திரக் குழாய் குறுகலாகவே நின்றுவிடும். அப்புறம் தவிடும் சோளமும் அள்ளிப் போட்டால் கல் அடைக்கும். உங்கள் குட்டிக்கு இதுதான் பருவம். டாக்டர் பர்டிசோ கிடுக்கி கொண்டுவருவார், தோல் கிழியாது. விதைக்கு மேலே இருக்கிற கொடியை ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக நசுக்கணும், இரண்டு தடமும் ஒரே கோட்டில் வரக் கூடாது, வந்தால் ரத்தம் போகாமல் பை அழுகும். மரத்துப்போக ஊசி போடச் சொல். விதை சுருங்க ஒன்றரை மாசம் வரை ஆகும், அதுவரை பெட்டையோடு விடாதே.

சுமதி மதினி: செல்வி, கறுப்பி எங்கள் ஆடு. உன்னிடம் வளர்க்க வாரத்துக்குத்தான் விட்டோம். குட்டியில் பாதி எங்களுக்கு. எங்கள் பங்கைக் காயடிக்க வேண்டாம், சீக்கிரம் எடை ஏறட்டும், ஆனி மாசம் வித்துருவோம்.

ராஜா துபாய்: மூணில் பாதி எப்படி மதினி 😂

செல்வி அத்தை: தீவனம் நான் போடுகிறேன் மதினி. போன ஈத்துக் கணக்கே இன்னும் முடியவில்லை.

சுமதி மதினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: கொடைக்கு வரி யார் யார் கொடுத்திருக்கிறீர்கள்? ராஜா, நீ லீவு கேட்டாயா?

ராஜா துபாய்: டிக்கெட் விலை பார்த்தீங்களா பெரியப்பா

முருகேசன் மாமா: வாரக் கணக்கை அப்புறம் பேசுங்கள். ஊசி, தழைத்தீவனம், தண்ணீர் மூன்றையும் மறக்காதே செல்வி. தண்ணீர் குறைந்தாலும் கல் வரும்.

செல்வி அத்தை: இரண்டுக்கு என்று பேர் கொடுத்துவிட்டேன். வெள்ளைநெற்றியை விட்டுவிட்டேன்.

சுமதி மதினி: அப்போ எங்கள் பங்கு எது?

பெரியப்பா: சுடலைக் கிடா யார் பங்கிலும் வராது.

செல்வி அத்தை: காலையில் வீட்டுக்கு வாங்க மதினி, பேசிக்கொள்ளலாம். டாக்டர் எட்டரைக்கு வருகிறாராம்.

கார்த்தி: மாமா ஏழு மணிக்கே வந்து நிற்பார் பாருங்க