தொகுப்பூதியத்தில் இருந்த எட்டு வருஷம் ஓய்வூதியத்தில் சேருமா? (பல்கலைக்கழக அலுவலகப் பணி, ஓய்வு 30.6.2026)

முக்கூடல் மகள்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அப்பா நெல்லைச் சீமையில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவியாளர். 1.7.1992-ல் தொகுப்பூதியத்தில் (படிகள் இல்லாத ஒரே மொத்தச் சம்பளத்தில்) சேர்ந்தார். 1.7.2000-ல் வரன்முறை ஆணை (நிரந்தரப் பணியாளராக்கும் ஆணை) வந்தது. 30.6.2026-ல் அறுபது வயது முடிந்து ஓய்வு. பழைய ஓய்வூதியத் திட்டம்தான், ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் உண்டு. பிரிவில் கேட்டால் "26 வருஷத்துக்குத்தான் பென்ஷன்" என்கிறார்கள். முதல் எட்டு வருஷம் அப்படியே போய்விடுமா? மருத்துவக் காப்பீட்டு அட்டை ஓய்வுக்குப் பிறகும் செல்லுமா? தம்பிக்கு 22 வயது, படிக்கிறான், அவன் பெயரும் அந்த அட்டையில் இருக்கிறது. மொத்தமாக என்னென்ன தொகை வரும், எதற்கு எப்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை பதிவேடு:

எட்டு வருஷம் முழுசாகச் சேராது, பாதி சேரும். அந்தப் பாதிதான் உங்கள் அப்பாவுக்கு முழு ஓய்வூதியத்தைக் கொடுக்கப்போகிறது. அதனால் இதை விடவே கூடாது.

நிதித் துறை அரசாணை (நிலை) எண் 408, நாள் 25.8.2009. தொகுப்பூதியம், மதிப்பூதியம், தினக்கூலி என்று எந்தப் பெயரில் இருந்தாலும், 1.4.2003-க்கு முன் செய்த பணியில் பாதியைத் தகுதியுள்ள பணிக்காலத்தோடு சேர்க்கலாம். நிபந்தனைகள் மூன்றை நன்றாகப் பாருங்கள். அது முழுநேரப் பணியாக இருந்திருக்க வேண்டும். இடையில் அறுபடாமல் வரன்முறையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வரன்முறை 1.4.2003-க்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு 1.7.2000 என்பதால் மூன்றாவது தானாகவே சரி.

இனி கணக்கு. தமிழ்நாட்டு விதிப்படி முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு வேண்டும். வரன்முறைக்குப் பின் 26 ஆண்டு, அது 52 அரையாண்டு. எட்டு வருஷத்தில் பாதி நான்கு, அது 8 அரையாண்டு. கூட்டினால் சரியாக 60. கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி 30,000. 52 அரையாண்டுக்குப் போட்டால் 26,000தான் நிற்கும். மாதம் 4,000 ரூபாய் குறைவு, அதன் மேல் வரும் அகவிலைப்படியும் சேர்த்து ஆயுள் முழுக்கக் குறைவு. பணிக்கொடையிலும் (ஓய்வின்போது ஒரே தடவையாக வரும் தொகை) இதே அடி விழும். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கை அரையாண்டு எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அந்தக் கூட்டுத் தொகை 90,000 என்றால் 60 அரையாண்டுக்கு 13,50,000, 52-க்கு 11,70,000.

பிரிவில் 26 என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் பணிப்பதிவேடுதான். பதிவேடு வரன்முறை நாளிலிருந்துதான் திறக்கப்பட்டிருக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு அதில் ஒரு வரியும் இருக்காது. பதிவேட்டில் இல்லாததைத் தணிக்கை ஏற்காது. ஆகவே முதல் வேலை, பதிவாளருக்கு ஒரு விண்ணப்பம்: தொகுப்பூதியக் காலத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் பதிய வேண்டும், 408-இன்படி பாதியைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. அதோடு முதல் பணியமர்வு ஆணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, வரன்முறை ஆணை மூன்றின் நகலும் போக வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, எண்ணும் தேதியும் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வையுங்கள். அரசாணை பல்கலைக்கழகத்துக்கு நேராகப் பொருந்தாது. ஆட்சிக்குழு ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். தீர்மான எண் தெரிந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். தெரியாவிட்டால், அதே முறையில் முன்பு ஓய்வு பெற்ற யாருக்காவது பாதிப் பணி சேர்த்து ஆணை வந்திருக்கும், அந்த ஆணை எண்ணைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும்.

ஓய்வு நாள் வரை காத்திருந்தால் இது முடியாது. ஓய்வூதியக் கருத்துரு (ஒப்புதலுக்குப் போகும் கோப்பு) 26 ஆண்டுக்குப் போய் ஒப்புதல் ஆகிவிட்டால், பிறகு திருத்தக் கருத்துரு, மறுபடி தணிக்கை என்று இழுக்கும். ஓராண்டுக்கு முன்பே இந்தப் பதிவு முடிந்திருப்பது நல்லது.

வண்ணார்பேட்டை கணேசன்:

பதிவேடு அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க தங்கச்சி. அந்தக் காலத்துத் தொகுப்பூதியக்காரங்களுக்கு 89 நாள் ஆணை போட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி 89 நாள் போடுதது வழக்கம். தணிக்கை அந்த ஒரு நாளப் பாத்து "பணி அறுந்துருக்கு"ன்னு எழுதும். அந்த இடைநாள் செயற்கையானது, வேலை தொடர்ந்து இருந்துச்சுன்னு காட்டணும். அதுக்கு வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும்தான் சாட்சி.

பழைய சம்பளப் பட்டியல் கிடைக்கலேன்னு கைய விரிச்சுட்டா, அப்பாவுக்கு அப்போ இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடிச்சாங்களான்னு பாருங்க. பிடிச்சிருந்தா மாதவாரியா பி.எஃப். கணக்குல பணம் கட்டின பதிவு இருக்கும். எந்தெந்த மாசம் வேலைல இருந்தாருன்னு வெளியில உள்ள ஒரு அலுவலகமே சொல்லுத மாதிரி, தணிக்கைக்கு அத மறுக்கது கஷ்டம். 1992–2000 காலத்துல யு.ஏ.என். (ஆளுக்கு ஒரே நிரந்தர பி.எஃப். எண்) கிடையாது, அது 2014-ல வந்தது. அதனால பழைய பி.எஃப். எண் தேடணும். பழைய சம்பளச் சீட்டு, வருஷாந்திர கணக்குச் சீட்டு எதுலயாவது இருக்கும்.

அந்த இ.பி.எஃப். பணத்த எடுத்தாச்சான்னும் பாருங்க. குடும்பப் பென்ஷன் திட்டம் மாறி இ.பி.எஸ். (இ.பி.எஃப்.போட சேந்த பென்ஷன் திட்டம்) 16.11.1995-ல தொடங்குச்சு. அங்கேருந்து 2000 ஜூன் வரை அஞ்சு வருஷம்கூட ஆகல, பத்து வருஷம் இருந்தாத்தான் அதுல மாச பென்ஷன். அதனால உறுப்பினர் பங்குக்குப் படிவம் 19, இ.பி.எஸ். பங்குக்குப் படிவம் 10சி. ஆனா ஒரு எச்சரிக்கை: அதே காலத்தப் பல்கலைக்கழகப் பென்ஷனுக்கும் கணக்குல கேக்கும்போது, நிர்வாகம் போட்ட பங்கத் திருப்பிக் கட்டச் சொல்லித் தணிக்கை கேக்கலாம். முதல்ல பாதிப் பணி ஆணைய வாங்குங்க, அதுக்கப்புறம் பி.எஃப். பணத்தத் தொடுங்க.

முக்கூடல் மகள்:

மிக்க நன்றி. 89 நாள் ஆணைகள் இருக்கின்றன, எல்லாம் இல்லை, நாலைந்து விட்டுப்போயிருக்கின்றன. அப்பாவின் சம்பள உயர்வு மாதம் ஜூலை என்று பதிவேட்டில் இருக்கிறது. அம்மா பெயர் பதிவேட்டில் பேச்சியம்மா, ஆதாரில் பேச்சியம்மாள், வங்கியில் தாத்தா பெயரின் முதலெழுத்தோடு இருக்கிறது. இது சிக்கலா?

பாளை பதிவேடு:

ஜூலை என்று சொன்னது நல்ல செய்தி. ஓய்வு ஜூன் 30, சம்பள உயர்வு ஜூலை 1. ஒரு வருஷம் முழுசாக வேலை பார்த்தும் ஒரு நாளில் உயர்வு போய்விடுகிறதே என்பதற்காகவே நிதித் துறை அரசாணை 311 (31.12.2014) வந்தது. மறுநாள் வரவேண்டிய உயர்வை ஓய்வூதியப் பலன்களுக்காக மட்டும் கருத்தியலாகக் கொடுக்கலாம். கையில் சம்பளமாக வராது. ஆனால் ஓய்வூதியம் அந்த உயர்ந்த சம்பளத்தில் கணக்கிடப்படும். மூன்று சதவீத உயர்வு என்றால் 60,000-க்கு 1,800, ஓய்வூதியத்தில் 900. கருத்துருவில் இதைத் தானாகச் சேர்க்க மாட்டார்கள். அப்பா எழுதிக் கேட்க வேண்டும். 1.7.2025 முதல் 30.6.2026 வரை சம்பளமில்லா விடுப்பு இல்லாமல் இருந்தால்தான் முழு ஆண்டு நிற்கும். அதை இப்போதே சரிபாருங்கள்.

பெயர் சிக்கல் கட்டாயம் வரும். குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்குத்தான், அப்பா காலத்துக்குப் பிறகு வங்கியில் போய் நிற்பது அவர். நம்ம பக்கத்தில் தகப்பனார் முதலெழுத்து ஒரு இடத்தில், கணவர் முதலெழுத்து இன்னொரு இடத்தில் என்று இருப்பது சகஜம். அதை அப்பா பணியில் இருக்கும்போதே ஒன்றாக்குங்கள். ஆதாரையும் வங்கியையும் முதலில் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள், பிறகு அதே பெயரைக் குடும்ப விவரப் படிவத்தில் எழுதிப் பதிவேட்டில் திருத்தச் சொல்லுங்கள். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக, இருவரில் எவரும் அல்லது எஞ்சியவர் இயக்கும் வகையில் வைப்பது பின்னால் பெரிய அலைச்சலைத் தவிர்க்கும். ஜி.பி.எஃப்., பணிக்கொடை, சிறப்புச் சேமநல நிதி மூன்றுக்கும் நியமனப் படிவம் தனித்தனி. ஒன்றில் திருத்தினால் மற்றதில் திருந்தாது.

விட்டுப்போன ஆணைகளுக்கு: அந்தத் தேதிகளை உள்ளடக்கிய நிர்வாக உத்தரவு நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். பதிவேட்டுப் பிரிவில் வாய்மொழியாகக் கேட்பதைவிட இதில் பதில் வரும்.

தென்காசி ரோடு மீனாட்சி:

காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன். பணியில் இருப்பவருக்கான புதிய நலக் காப்பீட்டுத் திட்டமும் ஓய்வூதியர் திட்டமும் தனித்தனி. ஓய்வு பெற்றதும் பணியாளர் அட்டை செல்லாது. ஓய்வூதியர் திட்டத்தில் பொதுவாக ஓய்வூதியரும் துணையும்தான். பணியாளர் திட்டத்தில் வேலையில்லாத, மணமாகாத பிள்ளைகளுக்கு 25 வயது வரை இடம் உண்டு. அதனால் 22 வயதுத் தம்பிக்கு 1.7.2026 முதல் காப்பு இருக்காது. அவனுக்குத் தனியாக ஒரு பாலிசியை அதற்குள் எடுத்துவிடுங்கள். புதுப் பாலிசியில் முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் ஓடும், அதனால் ஜூனில் எடுப்பதைவிட இப்போது எடுப்பது நல்லது.

1.7.2022 முதல் 30.6.2026 வரையான நான்காண்டு ஓய்வூதியர் திட்டத்தில் மாதப் பிடித்தம் 497 ரூபாய், காப்பு 5 லட்சம் என்று வைத்தார்கள். இந்த 5 லட்சம் நான்காண்டுக்கும் சேர்த்து. வருஷத்துக்கு 5 லட்சம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழக ஓய்வூதியர்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா, பிடித்தம் நடக்கிறதா என்பதை ஏற்கெனவே ஓய்வு பெற்ற ஒருவரின் ஓய்வூதியச் சீட்டில் பாருங்கள். பிடித்தம் இல்லை என்றால் அட்டையும் இல்லை.

சேர்க்கை எங்கே நடந்தாலும், மருத்துவமனையை முன்கூட்டிப் பட்டியலில் பாருங்கள். பாளை, வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனை பட்டியலில் இருந்தாலும் எல்லாச் சிகிச்சைக்கும் இராது. சில இடம் கண்ணுக்கு மட்டும், சில இடம் எலும்புக்கு மட்டும். சேரும்போதே அட்டையைக் காட்டி முன் அனுமதி கேட்க வேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால், பட்டியல் மருத்துவமனையில் கட்டிய தொகை சுலபமாகத் திரும்பாது. அவசரத்தில் பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்தால், கோரிக்கையை ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு பார்க்கும். அதற்கு அவசரம் என்று மருத்துவர் எழுதிய சான்று, வெளியேறும்போது தரும் சுருக்கம், எல்லா அசல் ரசீதுகள் வேண்டும். ரசீதின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்தங்களில் இன்னொன்று: குடும்பப் பாதுகாப்பு நிதி. அரசின் திட்டத்தில் மாதம் 110 ரூபாய் கட்டினால், பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். ஓய்வு பெறும்போது கட்டியது திரும்ப வராது. சிறப்புச் சேமநல நிதிதான் திரும்ப வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொக்கிரகுளம் கணக்கர்:

தொகுத்துப் பெறுவது (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) பற்றியும் வரி பற்றியும் மட்டும்.

தமிழ்நாட்டில் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தொகுத்துப் பெறலாம். 30,000-க்கு 10,000. அதை 12-ஆலும் அட்டவணை மதிப்பாலும் பெருக்கினால் தொகை. மத்திய அரசு அட்டவணையில் அடுத்த பிறந்தநாள் வயது 61-க்கு மதிப்பு 8.194, அதை வைத்துப் போட்டால் 9,83,280. கருத்துருவில் எந்த மதிப்பைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 15 ஆண்டு மாதம் 10,000 குறையும், அதாவது 18 லட்சம் விடுகிறோம். ஆனால் அகவிலைப்படி முழு 30,000-க்கும் வரும். அப்பா இடையில் இறந்தால் மிச்சத்தை யாரும் பிடிக்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியமும் தொகுத்ததால் குறையாது, அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் எடுப்பது சரி. வங்கியில் போட்டு வைக்க மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை இல்லை.

விடுப்புச் சம்பளம்: ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை, சொந்த அலுவலுக்கான ஈட்டா விடுப்பு 180 நாள் அரைச் சம்பளத்தில். எட்டும் மூன்றும் பதினொரு மாதம். இங்கேதான் வரிச் சிக்கல். மாநில அரசு ஊழியருக்கு விடுப்புச் சம்பளம் முழு விலக்கு. பல்கலைக்கழக ஊழியரை வருமான வரியில் பொதுவாக அரசு ஊழியராகப் பார்ப்பதில்லை. உச்சவரம்பு 1.4.2023 முதல் 25 லட்சம், அது பிரச்சினை இல்லை. ஆனால் 10 மாதச் சராசரிச் சம்பளம் என்ற வரம்பும் உண்டு, அதற்கு மேற்பட்டது வரிக்கு வரும். அந்த மாதம் சம்பளப் பிரிவு மொத்தத்தையும் விலக்கில் போட்டுவிட்டால் பிற்பாடு நோட்டீஸ் வரும்.

கடைசியாக, தணிக்கை பழைய ஊதிய நிர்ணயம் தவறு என்று சொல்லி லட்சக்கணக்கில் பிடிக்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். உச்ச நீதிமன்றம் 2014-ல் ரஃபீக் மசீஹ் வழக்கில், சி, டி பிரிவு ஊழியரிடமும், ஓய்வு பெற ஓராண்டுக்குள் இருப்பவரிடமும், ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்த அதிகத் தொகையையும் பிடிக்கக் கூடாது என்றது. ஆனால் 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், "அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றும் சொன்னது. ஆக அப்பா ஊதியக் குழு நிர்ணயத்தின்போது அப்படி ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறாரா என்று பதிவேட்டோடு இணைந்த தாள்களைப் புரட்டிப் பாருங்கள். நிலுவையில்லாச் சான்றுக்குக் கூட்டுறவுச் சங்கம், நூலகம், வீட்டுக் கடன், குடியிருப்பு நான்கையும் மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள்.