மார்கழிப் பனியில் சைக்கிள், கையில் போன்: படம் ஏன் சாம்பலாக வருகிறது?

பெருந்துறைக்காரன் கேட்டது:

வணக்கமுங்க. மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்ததில் இருந்து காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சென்னிமலை ரோடு, ஊத்துக்குளி, விஜயமங்கலம் என்று கால் போன போக்கில் சுற்றுவது, கண்ணில் படுவதைப் போனில் எடுப்பது, அவ்வளவுதான். கியர் இல்லாத சைக்கிள், சாதாரண போன்.

சிக்கல் என்னவென்றால், நேரில் பார்த்தால் நின்றுவிடத் தோன்றுகிற பனி படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறது. பனைமரம், வாசல் கோலம், தூரத்து மலை எல்லாம் ஒரே மங்கல்.

இன்னொன்று, ஊருக்குள் நிறுத்தி எடுத்தால் ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு தோட்டத்து வேலியை எடுத்துக்கொண்டிருந்தேன், பெரியவர் ஒருத்தர் வந்து "ஏனுங் தம்பி, கரண்டு லைனுக்கு அளக்கற ஆளுங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்று சொல்லியும் நான் கிளம்புகிற வரைக்கும் அங்கேயே நின்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அணை, கோயில் என்று எல்லாரும் போகிற இடம் வேண்டாம். மார்கழி, தையில் மட்டும் நம்ம பக்கம் பார்க்கக் கிடைப்பது எது, எந்த ஊர்ப் பக்கம், எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காங்கேயத்து மேட்டுக்காடு:

முதலில் சாம்பல் விஷயம். கேமரா எந்த வெளிச்சத்தையும் நடுத்தரமாக்கத்தான் பார்க்கும், பனி வெள்ளையாக இருப்பதால் இது ரொம்ப வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு இருட்டாக்கிவிடும். திரையில் எதை எடுக்கிறீர்களோ அதன் மேல் விரலை வைத்து அழுத்துங்கள், பக்கத்தில் சின்னதாகச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பனி பனியாகவே வரும். அப்புறம் லென்ஸைத் துடைத்தீர்களா? ஜெர்கின் பையில் வியர்வை ஈரத்தோடு கிடக்கிற போன் மங்கலாகத்தான் எடுக்கும்.

பனியில் தூரத்து மலை வராதுங்க, அதை விட்டுவிடுங்கள். கிட்டத்தில் கறுப்பாக ஒன்று வேண்டும். நம்ம கொறங்காட்டு, அதாவது மேய்ச்சல் காட்டுக் கிளுவை வேலியையே பாருங்கள். தை நெருங்கும்போது இலை கொட்டி வெறும் குச்சியும் முள்ளுமாக நிற்கும், ஒவ்வொரு கவட்டையிலும் ஒரு சிலந்தி வலை, வலை முழுக்கப் பனித்துளி. சூரியனைப் பார்த்து நின்று, வலை ஒரு சாண் தூரத்தில் இருக்கிற மாதிரி குனிந்து எடுத்தால் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அதற்குப் பின்னால் வெள்வேல மரத்தடியில் ஒரு காங்கேயம் மாடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். வெயில் ஏறி ஒரு மணி நேரம்தான், துளி காய்ந்துவிடும்.

காற்றையும் பாருங்கள். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வரும், மார்கழியில் அது திரும்பிக் கிழக்கில் இருந்து அடிக்கும். அதனால் காலையில் கிழக்கே போங்கள். எதிர்க்காற்றும் எதிர்வெயிலும் கிடைக்கும், பனிப்படத்துக்கு எதிர்வெயில்தான் அழகு. திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும். கியர் இல்லாத வண்டிக்கு இது பெரிய உதவி.

இந்தப் பக்கம் வந்தால் தேங்காய்க் களம் பார்க்காமல் போகாதீர்கள். காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர் வழியெல்லாம் உலர்களம்தான். உடைத்த தேங்காயை வாய் மேலே பார்க்கப் பரப்பியிருப்பார்கள், காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மூடியிலும் பாதி நிழல், பாதி வெள்ளை. எட்டு மணிக்கு மேல்தான் தார்ப்பாயை எடுப்பார்கள், பனி ஈரம் பட்டால் பருப்பு கறுத்துப்போகும் என்பதால். அந்தத் தார்ப்பாயை நான்கு பேர் சேர்ந்து இழுக்கிற நிமிடத்துக்காகவே காத்திருக்கலாம்.

கவுந்தப்பாடிக்காரி:

பெரியவர் கேட்டதில் தப்பே இல்லைங்க. உயர்மின் கோபுரம், எரிவாயுக் குழாய் என்று தோட்டத்தில் வந்து அளந்தவர்களால் இங்கே எத்தனையோ குடும்பம் அலைந்திருக்கிறது. போனைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நின்றால் அதுதான் ஞாபகம் வரும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்துங்கள், முதலில் ஆளிடம் பேசுங்கள், எந்த ஊர், யார் வீடு என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லுங்கள். "ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா" என்று கேட்டுவிட்டு, எடுத்ததைக் காட்டுங்கள். எங்கள் அப்பாவெல்லாம் படத்தைப் பார்த்துவிட்டால் அடுத்து காபி குடிக்கச் சொல்லாமல் விடமாட்டார். பெண்கள் வாசலில் கோலம் போடும்போது மட்டும் கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள். ஆள் உள்ளே போனதும், சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவை எடுங்கள், யாருக்கும் சங்கடமில்லை.

எங்கள் பக்கம் வாருங்கள், கரும்பு ஆலை ஓடுகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நாட்டுச்சர்க்கரை இங்கிருந்துதான். பொங்கல், தைப்பூசம் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் இப்போது வேலை மும்முரமாக நடக்கும். விடியும்போது போனால் பாகு காய்ச்சுகிற கொப்பரையில் இருந்து ஆவி, அடுப்பில் கரும்புச் சக்கை எரிகிற புகை, கூரை இடுக்கு வழியாக இறங்குகிற வெயில், மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். கொதிக்கிற பாகுக்குப் பக்கத்தில் ஆள் வேலை செய்யும்போது குறுக்கே போகக்கூடாது, ஓரமாக நின்று எடுங்கள்.

மார்கழி கடைசி நாளை விட்டுவிடாதீர்கள். காப்புக் கட்டுகிற பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறிக்கக் காட்டுப்பக்கம் பிள்ளைகள் கிளம்பிவிடும், பழைய சைக்கிள் கேரியரில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டு கட்டாக வரும். என்னைக் கேட்டால் இந்த வருஷம் நீங்கள் அந்த ஒரு படத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

பெருந்துறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். கிளுவை வேலியை இத்தனை நாள் வேலியாக மட்டும்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரின் தோட்டத்துக்கே போய்ப் பேசிவிட்டு, அந்த வேலியையே எடுக்கலாம் என்றிருக்கிறேன், படத்தைப் பிரிண்ட் போட்டும் கொடுத்துவிடுவேன். இன்னொரு சந்தேகம், பறவை எடுக்க இந்தப் போன் போதுமா? மண்பாதையில் போனால் பஞ்சரும் பாடாய்ப் படுத்துகிறது.

நொய்யல் கரை:

பறவைக்குப் போன் போதாது, கிட்டே போய்க் கிளப்பிவிடுவதும் பாவம். ஆனால் பார்க்கவாவது போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. திருப்பூர்ப் பக்கம் நஞ்சராயன் குளம், அது 2024இல் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்து நஞ்சராயனில் இறங்கியிருக்கிறது. கரையில் இருந்தே குளத்தையும் பனியையும் சேர்த்து எடுங்கள், பறவை புள்ளியாக வந்தாலும் படம் நன்றாக இருக்கும்.

பஞ்சருக்குக் காரணம் நெருஞ்சி. ஐப்பசி மழையில் முளைத்து மஞ்சளாகப் பூத்தது, இப்போது காய்ந்து முள்ளாகப் பாதையோரம் கிடக்கிறது. சைக்கிளை ஓரம் இறக்காமல் வண்டித் தடத்திலேயே ஓட்டுங்கள். டயரில் ஏறிய முள்ளை வழியில் பிடுங்காமல் வீடு வந்து பிடுங்குங்கள், சில நேரம் அந்த முள்ளேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

காலையில் நேரத்திலேயே கிளம்புவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தை மாதத்தில் சூரியன் எழ 6.45 ஆகிவிடுகிறது, அதற்கு முன் மெயின் ரோட்டில் போகாதீர்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் பின்விளக்கே இருக்காது, பின்னால் வருகிற லாரிக்கு டிரெய்லரும் தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள். இருட்டில் கிளம்பியே ஆக வேண்டுமென்றால் காளிங்கராயன் வாய்க்கால் கரைப் பக்கம் வாருங்கள், வண்டி குறைவு, கூடவே மஞ்சள் தோட்டமும் வரும். சிவப்பு விளக்கை மட்டும் மறக்காமல் சீட்டுக்கு அடியில் மாட்டிவிடுங்கள்.