தொலைநோக்கியில் நிலா: ஒரு பக்கம் வெளுப்பு, மறுபக்கம் இருட்டு. எந்த ஷட்டர் வேகம்?

கேள்வி:
என்னிடம் இருப்பது 6 இஞ்ச் டாப்சோனியன் (எளிய தாங்கியில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி), குவியத் தூரம் 1200 மி.மீ. கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைக் கழற்றிவிட்டு டிஎஸ்எல்ஆரை நேராக மாட்டி, அஷ்டமியன்று மொட்டைமாடியில் எடுத்தேன். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 800. ஷட்டரைக் கேமராவே 1/60 விநாடி என்று வைத்துக்கொண்டது; பாதி நிலா சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டது. நானே 1/1000 வைத்தால் ஓரம் அழகாக வருகிறது, ஆனால் நிழல் தொடங்கும் இடத்துப் பள்ளங்கள் இருட்டில் போய்விடுகின்றன. கண்ணால் பார்த்தபோது அல்போன்சஸ் பள்ளத்தின் நடுச்சிகரம்கூடத் தெரிந்தது. அதைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

பதில் 1:
ஆட்டோவை முதலில் விடுங்கள். சுற்றியுள்ள கறுப்பு வானத்தையும் சேர்த்து அளப்பதால் கேமரா ஏமாறுகிறது. நிலா நல்ல வெயிலில் கிடக்கும் பாறை. அப்படி நினைத்தே கணக்குப் போடுங்கள். 6 இஞ்ச் என்றால் சுமார் 150 மி.மீ. விட்டம்; 1200-ஐ 150-ஆல் வகுத்தால் உங்களுடையது எஃப்/8 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு). பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, 1/200 போதும்.

அஷ்டமிக் கணக்கு வேறு. பார்க்கப் பாதி நிலா, ஆனால் வெளிச்சம் பௌர்ணமியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சூரிய ஒளி சாய்வாக விழுவதால் தரை முழுக்க நிழல். ஆகவே ஐஎஸ்ஓ 400, 1/160-இல் தொடங்குங்கள். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டக் கூடாது. மாரே கிரைசியம் என்ற கருஞ்சமவெளியின் பக்கத்தில் புரோக்லஸ் என்ற சின்னப் பள்ளம் பளிச்சென்று இருக்கும். அது வெளுக்காத வேகமே உங்கள் வேகம். RAW (கேமரா சுருக்காமல் சேமிக்கும் கோப்பு) வடிவில் எடுங்கள். இருட்டை அப்புறம் கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போனதை மீட்கவே முடியாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே லைவ் வியூவில் (திரையில் பார்த்து எடுக்கும் முறை), 2 விநாடி டைமர் வைத்து எடுங்கள். கேமராவுக்குள் கண்ணாடி எகிறும் அதிர்விலும் கை படும் அதிர்விலும் படம் கலங்கினால், வேகம் சரியாக இருந்தும் பயனில்லை. நிலாவைப் பின்தொடர மோட்டார் இல்லையே என்று கவலை வேண்டாம், 1/160-இல் நிலா நகர்வது தெரியாது. அடிவானத்துக்கு அருகில் இருந்தால் மட்டும் வெளிச்சம் குறையும், அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று நவமி, நிலா உச்சிக்குப் பக்கத்தில் இருந்தபோது எடுத்தேன். 1/160-இல் புரோக்லஸ் கொஞ்சம் வெளுத்தது. 1/250-இல் சுத்தமாக வந்தது. நிழல் பகுதியைக் கம்ப்யூட்டரில் தூக்கியதும் டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சாகேல் பள்ளங்கள் மூன்றும் வரிசையாக எழுந்து வந்தன. அல்போன்சஸ் நடுவே அந்தச் சிகரம் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.