ஐ.நா. அமைதிப் படையின் நீலத் தொப்பி போட்டவர்கள், அவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ராணுவ மருத்துவப் பிரிவு, ஓய்வு

ஐ.நா. அமைதிப் படைக்கு இந்தியா இதுவரை 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியிருக்கிறது. உயிரிழந்தவர்கள் ஏறக்குறைய 180 பேர். வேறு எந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டால் "போனோம், வந்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் நானே தொடங்குகிறேன்.

நான் இருந்தது தென் சூடானில் மலக்கால், வெள்ளை நைல் கரை. 2013 டிசம்பரில் உள்நாட்டுச் சண்டை மூண்டதும் ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஐ.நா. முகாமுக்குள் ஓடி வந்து, முகாமுக்குள்ளேயே ஓர் ஊர் உண்டாகிவிட்டது. நான் போனபோதும் அந்த ஊர் அப்படியே இருந்தது. மண் நம் கரிசல் மாதிரிதான். ஒரு மழை பெய்தால் போதும், வண்டி நகராது. அப்புறம் ஹெலிகாப்டர், இல்லாவிட்டால் ஆற்றில் படகு.

எங்கள் ஆஸ்பத்திரி ஐ.நா. ஆட்களுக்காக ஏற்பட்டது. ஆனால் மூச்சு இரைக்கும் பிள்ளையோடு ஒரு தாய் வாசலில் வந்து நின்றால் எந்த டாக்டர் விதியைப் புரட்டிக்கொண்டிருப்பார்? அவசரக் கேஸ் என்று எழுதி உள்ளே எடுத்துவிடுவார்கள்.

மனிதர்களைவிட எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாட்டு வைத்தியம்தான். அந்த நாட்டில் மாடுதான் சொத்து. பெண் கேட்டுப் போனாலும் மாட்டைத்தான் எண்ணிக் கொடுப்பார்கள். நம் கால்நடை டாக்டர்கள் முகாம் போட்ட ஒரு நாள், துப்பாக்கியும் கையுமாக ஒரு பையன் காளையை ஓட்டிக்கொண்டு வந்தான். "துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வா" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பேச்சு நீண்டது. கடைசியில் காளை உள்ளே வந்தது, பையன் வரவில்லை. கயிற்றை எங்கள் ஆளிடம் கொடுத்துவிட்டு, ஊசி போட்டு முடியும் வரை துப்பாக்கியோடு கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். டாக்டருக்கு ஏகப்பட்ட சிரிப்பு. எனக்கென்னவோ, அங்கே நாங்கள் பார்த்த வேலை முழுக்க இந்த மாதிரி பேரம்தான் என்று தோன்றியது.

காலாட்படை ஹவில்தார், ஓய்வு

அண்ணா, மாட்டு வைத்தியத்தில் நல்ல பேர் வாங்கினீர்கள், சந்தோஷம். கெட்ட பேர் வாங்கிய கதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

நான் காங்கோவில், கோமா நகரத்தில் இருந்தேன். 2012 நவம்பர் 20 அன்று எம்23 கிளர்ச்சிக்காரர்கள் நகரத்துக்குள் நுழைந்தார்கள். அந்நாட்டு ராணுவம் பின்வாங்கிவிட்டது. நகரத்துக்குள் சண்டை போட்டால் பொதுமக்கள் சாவார்கள், அதனால் நாங்கள் தடுக்க வேண்டாம் என்பது மேலிடத்தின் முடிவு. காரணம் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வெள்ளை வண்டியில் உட்கார்ந்துகொண்டு, ஆயுதத்தோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

கோமா எரிமலைக் குழம்பு ஓடிய ஊர். 2002-இல் நைராகோங்கோ எரிமலை வெடித்து, குழம்பு நகரத்தின் ஒரு பகுதியில் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. சுவரும் அந்தக் கறுப்புக் கல்தான், தெருவும் அதுதான். முந்தின வாரம் பிஸ்கட் கேட்டு வண்டிக்குப் பின்னால் ஓடி வந்த பையன்களே அந்தக் கல்லை எடுத்து எங்கள் மேல் எறிந்தார்கள். கண்ணாடியில் வலை போட்டிருந்ததால் தப்பித்தோம். பிஸ்கட் கொடுத்த கையாலேயே திருப்பிச் சுடவா முடியும்?

சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை இருக்கும். எப்போது எச்சரிக்க வேண்டும், எப்போது சுடலாம் என்று அதில் அச்சடித்திருக்கும். தற்காப்புக்குச் சுடலாம், பொதுமக்கள் உயிரைக் காக்கவும் சுடலாம். படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். 2016 பிப்ரவரியில் நீங்கள் சொன்ன அதே மலக்கால் முகாமுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்து கூடாரங்களைக் கொளுத்தினார்களே. அப்புறம் நடந்த ஐ.நா. விசாரணை, காவலில் இருந்த படைகள் தயங்கியதைக் கண்டித்துத்தான் அறிக்கை கொடுத்தது. அதையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு சரியாக வரும்.

ராணுவ மருத்துவப் பிரிவு, ஓய்வு

மறுக்கவில்லை தம்பி. ஆனால் தென் சூடானிலேயே ஜோங்லே மாநிலத்தில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013 ஏப்ரலில் குமுருக் பக்கம் வண்டி வரிசைக்குக் காவலாகப் போன நம் ஆட்கள் ஐந்து பேர் பதுங்கித் தாக்கியதில் போய்விட்டார்கள். அதே டிசம்பரில் அகோபோ முகாமுக்குள் தஞ்சம் புகுந்தவர்களைத் தேடி ஆயுதக் கும்பல் நுழைந்தபோது இன்னும் இரண்டு பேர். தயங்கினவர்கள் மட்டும் இல்லை.

கல்லூரி மாணவர்

சார், தப்பாக நினைக்க வேண்டாம். இதெல்லாம் டாலருக்காகத்தான் என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

குவார்ட்டர்மாஸ்டர் ஆபீஸில் (படையின் சாமான் கணக்கு பார்க்கும் இடம்) இருந்தவன்

தம்பி, வெளிநாட்டுப் படி உண்டு, பொய் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு வீட்டுக் கடன் அதில்தான் அடைந்தது. ஆனால் ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் என்று ஐ.நா. கொடுப்பது நாட்டுக்கு, ஆளுக்கு இல்லை. வண்டி, ஜெனரேட்டர், கூடாரம் எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். அதற்குத் தனி வாடகை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஐ.நா. ஆட்கள் பட்டியலோடு வந்து எண்ணிப் பார்ப்பார்கள். நூறு வண்டியில் தொண்ணூறாவது ஓட வேண்டும். சலவை மெஷின் ஓடுகிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். குண்டுக்குப் பயப்படாத சுபேதார்கள் அந்த ஆய்வுக்கு முந்தின ராத்திரி தூங்க மாட்டார்கள்.

மத்திய ரிசர்வ் போலீஸ், லைபீரியா

ராணுவத்தார் மட்டும் பேசினால் எப்படி? 2007 ஜனவரியில் லைபீரியாவுக்குப் போன எங்கள் பெண்கள் அணிதான் ஐ.நா.வின் முதல் முழுப் பெண் போலீஸ் அணி. 2016 வரை வருஷத்துக்கு வருஷம் ஆள் மாறி அணி அங்கேயே இருந்தது. நான் இடையில் ஒரு முறை போனவள்.

மன்ரோவியாவில் ராத்திரி ரோந்து போவோம். உள்நாட்டுப் போரில் பெண்கள் பட்ட பாடு அந்த ஊருக்கே தெரியும். ஆண் போலீஸிடம் வாய் திறக்காதவர்கள் எங்களிடம் பேச ஆரம்பிக்க நாளாயிற்று. ஒரு அம்மா தினமும் கேட் பக்கம் வந்து சும்மா நிற்பார். தண்ணீர் கேட்டுக் குடிப்பார், போய்விடுவார். ஒரு நாள் மகளைக் கூட்டி வந்து, "இவளுக்கும் இந்த மாதிரி உடுப்பு கிடைக்குமா?" என்று கேட்டார். உள்ளூர் போலீஸில் எப்படிச் சேருவது என்று விசாரித்துச் சொன்னோம். எங்கள் அணி இருந்த காலத்தில் அந்நாட்டுப் போலீஸில் சேர வந்த பெண்கள் கூடினார்கள் என்று எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் ஷூ சைஸ்தான் முதலில் ஞாபகம் வரும். என் பூட்ஸைப் போட்டுப் பார்த்தாள், சரியாக இருந்தது.

தென் லெபனானில் வேலை பார்த்தவன்

நான் சீருடைக்காரன் இல்லை, கட்டுமான கம்பெனியில் இருந்தேன். 1998-இல் இருந்து நம் பட்டாலியன் அந்தப் பக்கம் இருக்கிறது. எபெல் எஸ்-சகி என்று ஒரு கிராமம். ஆட்டுக்குக் காய்ச்சல் என்றால் இந்திய முகாமுக்கு ஓட்டிப் போவார்கள். நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஒரு கிழவர் தன் ஆட்டின் வாயைப் பிளந்து காட்டி வைத்தியம் கேட்டார். எனக்குத் தெரிந்தது சிமெண்டும் கம்பியும்தான் என்று எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை.

ராணுவ மருத்துவப் பிரிவு, ஓய்வு

சிரித்துவிட்டேன் சார். மருத்துவப் பிரிவுக்காரன் என்ற உரிமையில் ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கம் அமைதிப் படை என்ற பேருக்கே முந்தியது. 1950-இல் கொரியாவுக்கு நம் நாடு சண்டைப் படையை அனுப்பவில்லை. ஐ.நா. கொடியின் கீழ் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழர். பியோங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்கியபோது, ஆஸ்பத்திரிச் சாமானை விட்டுவிட்டு வர மனசில்லாமல் கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே நெருப்பு மூட்டி, ரயிலை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் முன்சானில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்து வைத்தியம் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

சோமாலியா, கம்போடியா, சியரா லியோன் போனவர்கள் இன்னும் எழுதவில்லை. சியரா லியோனில் 2000-இல் கைலாஹுனில் கிளர்ச்சிக்காரர்களின் முற்றுகையில் மாட்டிக்கொண்ட நம் கூர்க்கா வீரர்களை மீட்கப் போனவர்கள் யாராவது இருந்தால், அடுத்து நீங்கள்தான்.