தொடுவெட்டிச் சந்தைக் கடைகளும் நம் வகுப்பின் கல்வி உதவித்தொகையும்

கேள்வி: குழித்துறைக்காரன்

1992-இல் பத்தாம் வகுப்பு முடித்த நம் வகுப்பின் வாட்சப் குழுவில் சில வாரங்களாக கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக் கடைகளைப் பற்றிய பேச்சே ஓடிக்கொண்டிருக்கிறது. மேம்பாலம் வருவதற்கு முன்பிருந்த கடைத்தெருவை ஆளுக்கொரு மூலையிலிருந்து எழுதி, ஏறத்தாழ முழுமையாகவே மீட்டெடுத்துவிட்டீர்கள். தொடுவெட்டிச் சந்தை வாசலில் மட்டிப்பழக் குலைகளைத் தொங்கவிட்டிருந்த பழக்கடை, மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்குக் கொடுத்த கடை, பழம்பொரி வாசனையாலேயே பலரைப் பேருந்தைத் தவறவிடச் செய்த சாயாக்கடை என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு மறக்காதது தையற்கடைதான். அடுத்த ஆண்டு அவிழ்த்து நீட்டிக்கொள்வதற்காக, கால்சட்டையின் அடியில் நான்கு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைத்துத் தருவார். மறு ஜூனில் அந்த மடிப்பை அவிழ்த்ததும் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் புது நீலமாகத் தெரியும். யார் வீட்டில் அவ்வாண்டு புதுச்சீருடை எடுக்கவில்லை என்பதை அந்த நீலப் பட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

பேச்சு இறுதியில் சந்தைக்குப் பின்பக்கச் சந்திலிருந்த நோட்டுப்புத்தகக் கடையில் வந்து நின்றது. கையில் பணமில்லாதவர்களுக்கும் ஜூன் மாதத்தில் நோட்டுகளைக் கொடுத்தனுப்பிய கடை அது. நம்மில் எத்தனை பேருக்கு அங்கே பற்று, அதாவது கடன் கணக்கு, இருந்தது என்பது இப்போதுதான் ஒவ்வொருவராகச் சொல்ல வெளியே வருகிறது. அந்த நினைவிலிருந்துதான் நாம் படித்த பள்ளியின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. இதுவரை ஆறு இலட்சம் ரூபாய்க்கு வாக்குறுதி வந்திருக்கிறது.

இனி முடிவு செய்ய வேண்டியவற்றைக் கேட்கிறேன். இந்தப் பணத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியை மட்டும் கொடுப்பதா, ஆண்டுதோறும் திரட்டிச் செலவிடுவதா? கூடுதல் மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கொடுப்பதா, வசதியற்றவர்களுக்குக் கொடுப்பதா? வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நண்பர்களின் பணத்தை எந்த முறையில் பெறுவது? அந்தக் கடைக்காரரின் பெயரையே இதற்குச் சூட்ட வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

மறுமொழி: பின்பெஞ்சு மாணவி

நாகர்கோவிலில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன் என்பதால், பணம் தொடர்பான கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு இலட்சத்தை வைப்புநிதியாகப் போட்டு, வட்டி ஆறரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 39,000 ரூபாய் கிடைக்கும். அதே வேளையில் நம் குழுவிலிருந்து 24 பேர் மாதம் 500 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் சேரும். வைப்புநிதி நமக்குப் பின்னும் நிலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் விலைவாசி ஏற ஏற அந்த 39,000 ரூபாயின் மதிப்பு இளைத்துக்கொண்டே போகும். ஆகவே வாக்குறுதியில் பாதியை வைப்பில் போட்டுவிட்டு, மீதியையும் மாதச்சந்தாவையும் அந்தந்த ஆண்டே செலவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். அல்லது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். பதிவோடு வேலை முடிவதில்லை. 80ஜி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வரிச்சலுகை நன்கொடையாளர்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், வருமான வரித் துறையில் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். ஆண்டுதோறும் நன்கொடையாளர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே குடும்ப விழாக்களில் சந்திக்கும்போது உறையில் போட்டு நீட்டும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. குவைத்திலோ துபாயிலோ வேலை பார்த்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் தோழர்கள், நம்மோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்களே ஆனாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு ஆதாரம்தான். அவர்களிடமிருந்து ஓர் அமைப்பு நன்கொடை பெற, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்கீழ் பதிவோ முன்அனுமதியோ இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கவே அமைப்பு மூன்று ஆண்டுகள் செயல்பட்டிருக்க வேண்டும். ஆகவே அமெரிக்க நண்பர்களின் வாக்குறுதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். இப்போதைக்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளைகளே, என் பழைய மாணவி ஒருவர் இந்தப் பக்கத்தை அனுப்பியதால் நானும் எழுதுகிறேன். மதிப்பெண்ணா, வறுமையா என்று குழித்துறைத் தம்பி கேட்டிருக்கிறார். அதற்கு முன், அரசு ஏற்கெனவே என்ன கொடுக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது; இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டுவதில் பயனில்லை.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வில் தேர்வானவர்களுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது. அதில் தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்பவர்களும் இவற்றில் அடங்குவர்.

இவற்றைச் சொல்வதன் காரணம், நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வழி ஓரளவு திறந்திருக்கிறது என்பதே. எனக்குக் கவலையளிப்பவர்கள் நடுவில் நிற்பவர்கள். திறனறித் தேர்வில் சில மதிப்பெண்களில் தவறிய பிள்ளை, மரக்கிளையிலிருந்து விழுந்து அப்பா படுத்துவிட்டதால் பத்தாம் வகுப்போடு பேக்கரி வேலைக்குப் போகத் தயாராகும் பிள்ளை, கல்லூரியில் இடம் கிடைத்தும் விடுதிக்கு முன்பணம் கட்ட முடியாமல் விழிக்கும் பிள்ளை ஆகியோர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையைப் பேசியே இந்தப் பிள்ளைகளைக் காணாமல் விட்டுவிடுகிறோம்.

முதல் மதிப்பெண் எடுத்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதற்கு ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்க வேண்டாம் என்பதே என் கருத்து. யாருக்குத் தேவை என்பதை வகுப்பாசிரியர்களிடம் கேளுங்கள். வருகைப்பதிவேட்டைப் பார்த்தே அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மறுமொழி: கடைக்காரர் மகன், குவைத்

நீங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நோட்டுப்புத்தகக் கடை என் அப்பாவுடையது. குழுவில் இதுவரை நான் வாய் திறக்காமலிருந்தது, நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க விரும்பியதால்தான். இப்போது பெயர் சூட்டும் பேச்சு வந்துவிட்டதால் எழுத வேண்டியதாயிற்று.

அப்பா செய்தது தர்மமில்லை, அது வியாபாரம்தான். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பற்று நோட்டு கல்லாவுக்கு அடியில் இருக்கும். அதில் ஆட்களின் பெயரை எழுதமாட்டார். புத்தன்வீடு, பனவிளை, மேக்கே தோட்டம் என்று வீட்டுப்பெயரைத்தான் எழுதுவார். ஒரே வீட்டுப்பெயர் இரண்டிருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். நோட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கடைசியில் ஒரு பேனாவைச் செருகிக் கொடுப்பார். அந்தப் பேனாவைக் கணக்கில் சேர்க்கமாட்டார் என்பது மட்டும்தான் நான் கண்ட தர்மம்.

பற்று வைப்பவர்கள் ஏமாற்றுபவர்கள் அல்லர் என்பது அவருக்குத் தெரியும். பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் நம் மாவட்டத்தில் ஒரே நேரத்தில்தான். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. அருமனை, குலசேகரம் பக்கத்து வெட்டுத் தொழிலாளர் வீடுகளில் அந்த மாதங்களில் கூலி இருக்காது. கடற்கரையிலும் இன்று அதே நிலைதான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நோட்டு வாங்க வேண்டிய மாதமும் கையில் காசில்லாத மாதமும் ஒன்றாக வந்து விழுகின்றன. மழை விட்டு வெட்டு தொடங்கியதும், பலர் ஓணத்துக்குள் கணக்கை நேர்செய்துவிடுவார்கள். அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்த அம்மாமார் வாரச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். சிலரால் முடியாமல் போகும். அந்தப் பக்கங்களை அப்பா கிழித்ததும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த ஜூனில் வந்தாலும் புதுப் பக்கம் தொடங்குவார்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. உதவித்தொகையை ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தன்று கொடுக்காதீர்கள், ஆண்டு விழாவிலும் கொடுக்காதீர்கள். அதற்குள் அந்த வீட்டார் எங்காவது வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்தது, அப்பாவின் பெயர் வேண்டாம். பெயர் வைத்தால் பலகை வரும், பலகை வந்தால் அதன்கீழ் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுப்பார்கள். அந்த நீலப் பட்டையைப் பார்த்துச் சிரித்த நமக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியாதா என்ன? என் பங்கு ஒரு இலட்சம் ரூபாயைக் குவைத்திலிருந்து வங்கி வழியாகவே அனுப்புகிறேன்; இந்தியக் கடவுச்சீட்டுதான்.

மறுமொழி: அருமனைக்காரி

மேலே எழுதியவர் என் வீட்டுப் பக்கத்தையும் அந்தச் சிவப்பு நோட்டில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்; அப்பா வெட்டுத் தொழிலாளிதான். ஜூன் மாதம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஆனால் நோட்டாகவும் சீருடையாகவும் வாங்கிக் கொடுக்கலாம் என்று குழுவில் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பாடநூல், நோட்டு, சீருடை போன்றவற்றை வகுப்புக்கேற்ப அரசே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் இன்றைய செலவு வேறு: கைப்பேசிக்கு இணையக் கட்டணம், மேல்நிலை வகுப்பின் வழிகாட்டி நூல்கள், கல்லூரி விண்ணப்பக் கட்டணங்கள், சான்றிதழ் வாங்க அலையும் நாட்களில் அம்மா இழக்கும் கூலி. எதற்குச் செலவிடுவது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும் என்பதால், பணத்தை அம்மாவின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். இரசீது கேட்டு அவர்களை நடக்க வைக்க வேண்டாம். பிள்ளை பள்ளியில் தொடர்கிறதா என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டாலே போதும்.

மறுமொழி: குழித்துறைக்காரன்

அனைவருக்கும் நன்றி, சாருக்குத் தனியாக. பாதி வைப்பு, மீதியும் மாதச்சந்தாவும் செலவுக்கு என்பதைக் குழுவில் வாக்கெடுப்புக்கு விடுகிறேன். பெயர் பற்றிய பேச்சை இத்தோடு முடித்துக்கொள்வோம். வகுப்பாசிரியர்களிடம் பட்டியல் கேட்கும் பொறுப்பை அருமனைக்காரி ஏற்றுக்கொண்டால் நன்று. பட்டியல் மூன்று பேரைத் தாண்டி வேறு யாருக்கும் போகக்கூடாது, வாட்சப் குழுவுக்கும் வரக்கூடாது. பத்திரம் எழுதும் வேலையைப் பின்பெஞ்சு மாணவி தொடங்கலாம். பதிவு முடியும்வரை காத்திருந்தால் இந்த ஜூன் தவறிவிடும் என்பதால், இவ்வாண்டு மட்டும் விருப்பமுள்ளவர்கள் தத்தம் கணக்கிலிருந்து நேரடியாகவே ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்பதை மட்டும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.