பெரிய தரவு கையில் இல்லாத மாணவர் எதை ஆராயலாம்?

கேள்வி:
வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறேன். நாற்பது வயதுக்குட்பட்டோருக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் கிளார்க் பதக்கத்தைப் பெற்றவர்களின் ஆய்வுகளை வாசித்தால் மலைப்பே மிஞ்சுகிறது. 2013இல் அதைப் பெற்ற ராஜ் செட்டியின் குழு, சுமார் நான்கு கோடிப் பிள்ளைகளின் வரிப் பதிவுகளைப் பெற்றோரின் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து, அடித்தட்டில் பிறந்த பிள்ளை மேல்தட்டை எட்டும் வாய்ப்பு சார்லட் நகரில் 4.4 விழுக்காடு, சான் ஹோசேயில் 12.9 விழுக்காடு என்று கண்டது. அத்தகைய பதிவேடுகள் எனக்குக் கிடைக்க வழியில்லை. தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் நடைமுறையில் உள்ள கட்டணமில்லாப் பயணத்தால் பெண்கள் வேலைக்குப் போவது கூடியிருக்கிறதா என்று ஆராய விரும்புகிறேன். இது என்னால் ஆகிற காரியமா?

மறுமொழி 1:
ஆகும். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் முப்பதுகளில் இருந்தபோது செய்த ஆய்வை முதலில் வாசியுங்கள். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. அவர்கள் இரு மாநிலங்களிலுமாக 410 துரித உணவுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தொடக்கக் கூலி எவ்வளவு, ஒரு முழுச் சாப்பாட்டின் விலை என்ன என்று கூலி உயர்வுக்கு முன்பும் பின்பும் விசாரித்தார்கள். இரண்டாம் சுற்றில் தொலைபேசியில் பிடிபடாத கடைகளுக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள். இழுத்து மூடப்பட்ட கடைகளையும் விட்டுவிடாமல், அங்கே வேலையாட்கள் இல்லை என்றே கணக்கில் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான். கூலி உயர்ந்ததால் வேலை குறையவில்லை என்ற அவர்களின் முடிவைச் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு மறுத்தவர்களும் உண்டு. அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

மறுமொழி 2:
நண்பர் சொன்னதில் உங்களுக்கான சிக்கலும் இருக்கிறது. கட்டணமில்லாப் பயணம் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதே, ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குப் பென்சில்வேனியா எங்கே? அதோடு 2021 பெருந்தொற்றுக் காலம். பொதுமுடக்கம் தளர்ந்ததால் வேலைக்குத் திரும்பியவர்களையும் பேருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனால் இச்சலுகை அறிமுகமானபோது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அப்பேருந்து நின்றுபோகும் ஊரையும், ஏறக்குறைய அதே நிலையில் இருந்தும் புறநகர்ப் பேருந்தை மட்டுமே நம்பியிருக்கும் ஊரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 3:
எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல் காரணத்தையும் கேளுங்கள். 2025இல் அதே பதக்கத்தைப் பெற்ற ஸ்டெஃபானி ஸ்டான்சேவா, வரியையும் விலைவாசியையும் மக்கள் எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள்கள் வழியாகவே ஆராய்ந்து வருகிறார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் ஊருக்கு நகரப் பேருந்து வருகிறது; ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் அத்தை ஊருக்கு வருவதில்லை. இரண்டு ஊர்களிலும் வீடு வீடாகச் சென்று, 2021க்கு முன் யார் எங்கே வேலைக்குப் போனார்கள் என்பதிலிருந்து விசாரிக்கத் தொடங்குகிறேன்.